பத்துக் கிலோ அரிசியும் மரத்துப்போன விரலும்

வாசகர் கேள்வி: எனக்கு வயது 58, எடை 78 கிலோ. ஊர் பள்ளத்தூர் பக்கம். காரைக்குடியில் பாத்திரக்கடை; முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்துதான் பிழைப்பு. இரண்டு வருஷம் முன்பு இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பிரஷருக்கு மெட்டோப்ரோலால், எல்லாம் தவறாமல் சாப்பிடுகிறேன். தினமும் காலையில் 40 நிமிஷம் ஊருணியைச் சுற்றி நடக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஆடியில் வந்தபோது ஒரு முதுகுப்பை கொண்டுவந்தான். "வெறுங்கையோட நடந்தா பத்தாது அப்பச்சி, எடை மாட்டிக்கிட்டு நடங்க, ஹார்ட்டுக்கு ரொம்ப நல்லது" என்றான். 10 கிலோ அரிசிப் பையை அதில் வைத்து மூன்று நாள் நடந்தேன். மூன்றாம் நாள் இடது கை மரத்துப்போய், சுண்டுவிரல் பக்கம் குறுகுறுவென்று இருந்தது. பையைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. முட்டியும் லேசாக வலிக்கிறது. வருகிற தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவதாக வேண்டுதல் இருக்கிறது. பையோடு நடந்து பழகலாமா? எத்தனை கிலோ வைக்கலாம்?

பதில்:

அன்புள்ள அண்ணனுக்கு,

எத்தனை கிலோ என்பதற்கு அப்புறம் வருகிறேன். கடிதத்தின் நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, இடது கை மரத்துப்போனது என்று, அதை முதலில் பார்ப்போம்.

கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கற்றை காறை எலும்புக்கு அடியில், முதல் விலா எலும்புக்கு மேலாக ஒரு இடுக்கு வழியே நுழைந்து வருகிறது. முதுகுப்பையின் வார் அந்த இடத்தை ஒட்டித்தான் உட்காரும். இடுப்புப் பட்டை இல்லாத பையில் பத்துக் கிலோவை வைத்து நாற்பது நிமிஷம் தொங்கவிட்டால் நரம்பு நசுங்கி விரல் மரக்கும். பட்டாளத்தில் இது பழைய தொல்லை. பெரிய மூட்டையோடு நாள்கணக்கில் நடந்த சிப்பாய்களில் சிலருக்குக் கையைத் தூக்கவே முடியாமல் போனதுண்டு. சுண்டுவிரல் பக்கம் குறுகுறுத்தது என்று நீங்கள் எழுதியிருப்பதால் நரம்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதய வலி பொதுவாகக் குறுகுறுக்காது. நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தாற்போல அழுத்தும், இல்லை எரியும். தாடைக்கும் முதுகுக்கும் கைக்கும் பரவும். வியர்த்துக் கொட்டும், மூச்சு முட்டும்.

சரி, நரம்புதான் என்று விட்டுவிடலாமா? முடியாது. "பையைக் கழற்றியதும் சரியாகிவிட்டது" என்ற வரி உங்களுக்கு ஆறுதலாக இருக்கிறது, எனக்கு இல்லை. பையைக் கழற்றியபோது நடையையும் நிறுத்தியிருப்பீர்கள். நரம்பு என்றால் பாரம் இறங்கியதால் சரியாகும். இதயம் என்றால் நடை நின்றதால் சரியாகும். இரண்டும் ஒரே நிமிஷத்தில் நடந்திருக்கிறது. கடிதத்தைப் படித்து இதைப் பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் ஆகாது, அதுவும் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கு.

அதனால் இந்த வாரமே உங்கள் இதய மருத்துவரைப் பாருங்கள். ஈசிஜி எடுக்கட்டும். அவர் சரி என்றால் எக்கோ என்கிற இதய ஸ்கேனும் டிரெட்மில் டெஸ்டும் செய்துகொள்ளுங்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டிக்கொண்டே போய், கூடவே ஈசிஜியையும் பிரஷரையும் பார்ப்பதுதான் டிரெட்மில் டெஸ்ட். ஊருணிக் கரையில் அரிசியைச் சுமந்து நீங்கள் தனியாகச் செய்து பார்த்த சோதனையை, டாக்டர் பக்கத்தில் நிற்கும்போது செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரைக்கும் பையைத் தொட வேண்டாம். வெறுங்கையோடு, வழக்கமான நிதானத்தில் நடக்கலாம். நடுவில் நெஞ்சு அழுத்தினால் நின்றுவிடுங்கள். நின்றும் சில நிமிஷத்தில் விடவில்லை என்றால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தால், 108-ஐக் கூப்பிடுங்கள். கேஸ் என்று சொல்லி சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். கடைப்பையனின் டூவீலரில் ஏறியும் போகாதீர்கள். நம் பக்கத்தில் பொன்னான நேரம் போவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

இனி பைக்கு வருவோம்.

மகன் சொன்னது பொய்யில்லை, ஆனால் அவன் வயசுக்குச் சொன்னது. முதுகில் சுமையோடு நடப்பதை ரக்கிங் என்கிறார்கள். ரக்சாக் என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பேர். சிப்பாய் சுமந்து நடப்பது அவன் உத்தியோகம், அதனால் அவனைச் சுமக்கப் பழக்குகிறார்கள். அது இப்போது உடற்பயிற்சியாக ஊருக்குள் வந்திருக்கிறது. சுமை ஏறினால் கால் தசையும் முதுகுத் தசையும் கூடுதலாக உழைக்கும், இதயமும் கொஞ்சம் கூடுதலாக அடிக்கும். அதுவரை சரி. எவ்வளவு கூடுதல் என்பதில்தான் ஏமாந்துபோகிறோம்.

அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்று 1977-ல் இதற்கென்றே ஒரு சூத்திரம் போட்டது. ஆளின் எடை, சுமையின் எடை, வேகம், சரிவு நாலையும் கொடுத்தால் உடம்பு எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று சொல்லிவிடும். உங்கள் 78 கிலோவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் நடக்கும்போது பத்துக் கிலோவை ஏற்றினால் மணிக்கு 20 கலோரிக்கு அக்கம்பக்கம்தான் கூடுகிறது. உங்கள் நாற்பது நிமிஷத்துக்கு அது பதிமூன்று, பதினான்கு கலோரி. ஒரு மாவுருண்டையின் ஓரத்தைக் கிள்ளிப் போட்டுக்கொண்டாலே கணக்கு நேராகிவிடும்!

பையே இல்லாமல், வேகத்தை மட்டும் மணிக்கு 4-லிருந்து ஐந்தரை கிலோமீட்டராகக் கூட்டினால் மணிக்கு 110 கலோரி கூடுகிறது. தோளில் ஒரு குண்டூசிகூட ஏறவில்லை, இதயம் செய்யும் வேலை மட்டும் ஏறியிருக்கிறது.

"நம்ம ஊரில் மேடு பள்ளமே இல்லையே, மலை ஏறுவதற்குப் பதிலாகப் பை" என்று காரைக்குடியில் இன்னொருவர் என்னிடம் வாதாடினார். அதையும் போட்டுப் பார்த்தேன். நூறு அடிக்கு ஐந்து அடி ஏறுகிற லேசான சரிவில் வெறுங்கையோடு நடந்தால் ஆகிற வேலையை, சமதரையில் பையை வைத்து வரவழைக்க வேண்டுமென்றால் நீங்கள் 40 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டும். ஒரு பெரிய அரிசி மூட்டை. ஸ்டென்டை விடுங்கள், முட்டி என்ன சொல்லும்?

முட்டி சொல்வது இதுதான். அதிக எடையும் முட்டித் தேய்மானமும் உள்ள பெரியவர்களை வைத்து 2005-ல் வந்த ஒரு ஆய்வில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் நாலு கிலோ பாரம் குறைவதாகக் கண்டார்கள். ஏற்றும்போதும் கணக்கு முட்டிக்குச் சாதகமாக இருக்கப்போவதில்லை. நாற்பது நிமிஷத்தில் ஏறக்குறைய நாலாயிரம் அடி வைக்கிறோம். பத்துக் கிலோவுக்கு முட்டி முனகியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

"சுமந்தவர்கள் எல்லாம் நன்றாகத்தானே இருந்தார்கள், எங்க ஆத்தா இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று ஊருணியிலிருந்து கொண்டுவருவாளே" என்று நீங்கள் கேட்பீர்கள். அழகான உதாரணம். கென்யாவில் லுவோ, கிக்குயூ இனத்துப் பெண்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தலையில் வைத்தோ நெற்றிப் பட்டையில் தொங்கவிட்டோ நடந்தபோது ஆக்சிஜன் செலவு கூடவே இல்லை என்று 1986-ல் ஒரு ஆய்வு வெளியானது. சின்ன வயசிலிருந்து சுமந்து சுமந்து நடையே அதற்கேற்றாற்போல அமைந்துவிடுகிறது. அதை இதயத்தின் பக்கமிருந்து பார்த்தால், பழகியவர்களுக்கு அந்தச் சுமை பயிற்சியே ஆகவில்லை என்று அர்த்தம்! பழகாதவருக்குச் சுமை, பழகியவருக்குப் பழக்கம். தவிர, அந்தக் காலத்தில் குடம் சுமந்த ஆயாக்கள் இன்றைக்கு என்னிடம் முட்டியைத்தான் காட்டுகிறார்கள்.

"பத்தாது" என்று மகன் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் 280 நிமிஷம் நடக்கிறீர்கள். நிமிஷம் பத்துகிறது. அது மிதமான உழைப்புதானா என்பதுதான் சந்தேகம். ஊருணிக் கரை நடை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். யார் வீட்டு வளவு விலைக்கு வருகிறது, யார் பிள்ளைக்குப் பெண் பேசுகிறார்கள் என்று நாலு பேர் வரிசையாகப் போவார்கள். ஒருவர் நின்றால் நாலு பேரும் நிற்பார்கள்.

வேகம் போதுமா என்று பார்க்க, மகன் கையில் கட்டிவிட்டிருக்கக்கூடிய துடிப்புக் கடிகாரத்தை நம்பாதீர்கள். இதயத் துடிப்பின் உச்சத்துக்கு 220-இல் வயசைக் கழி என்கிற கணக்கு உங்களுக்குச் செல்லாது. மெட்டோப்ரோலால் இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அந்த எண்ணை எட்டிப்பிடிக்க ஓடினால் வினைதான். வாய்தான் உங்களுக்கு அளவுகோல். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் நடை போதவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம்.

டிரெட்மில் டெஸ்ட் பார்த்து டாக்டர் சரி என்றபின், மூன்று நிமிஷம் வழக்கமான நடை, ஒரு நிமிஷம் வேக நடை என்று மாற்றி மாற்றி நடங்கள். பதினைந்து நாள் போனால் இரண்டுக்கு இரண்டு ஆக்குங்கள். வாரத்தில் இரண்டு நாள், திண்ணையில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. எழும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள். முட்டியைத் தாங்குவது தொடைத் தசைதான். பையை விட இது அதற்கு நல்ல சோறு.

கல்லாவையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் இரட்டை மாடி பஸ்களில் ஓட்டுநர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-ல் ஒரு ஆய்வு வந்தது. ஒரே பஸ், ஒரே புகை, ஒரே ஊர். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதயநோய் அதிகம்; மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்தவர்களுக்குக் குறைவு. அந்தக் கண்டக்டர்கள் முதுகில் பை மாட்டவில்லை. நாற்பது நிமிஷம் நடந்துவிட்டு அப்புறம் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் காலை நடையின் பலனில் ஒரு பங்கைக் கல்லாவே தின்றுவிடும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, பையனைக் கூப்பிடாமல் நீங்களே போய் அந்த எவர்சில்வர் தூக்கை எடுத்துக் கொடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பையே கூடாது என்று சொல்லப்போவதில்லை. உங்களுக்கு அதற்கு ஒரு காரணம் இருக்கிறது: பழனி. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நாளுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் நடப்பவர் தோளில் துண்டு, மாற்று வேட்டி, மாத்திரை, தண்ணீர் என்று ஒரு மூன்று கிலோ இருக்கத்தான் செய்யும். எதைச் சுமக்கப்போகிறோமோ அதைச் சுமந்து பழகுவதில் நியாயம் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு ஆரம்பம் இரண்டு கிலோ, உச்சம் நாலு. வாரத்துக்கு மூன்று நாள், முதலில் பதினைந்து நிமிஷம். ஒரு கிலோ கூட்டினால் பதினைந்து நாளைக்கு அதே எடையில் நில்லுங்கள். எடையையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். இதயத்தின் பம்பிங் குறைந்தவர்கள், பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், முதுகு வட்டு நழுவியவர்கள் இதைப் படித்துவிட்டுப் பையை எடுக்க வேண்டாம். அவர்களுக்கு இந்தப் பதில் இல்லை.

அரிசி வேண்டாம், தண்ணீர் வையுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, தராசு தேவையில்லை. முடியவில்லை என்றால் வழியில் ஏதாவது வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு லேசாகத் திரும்பலாம். அரிசியை அப்படிக் கொட்ட மனசு வராது, சுமந்துகொண்டேதான் வருவீர்கள். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்புங்கள். நான் ஒருமுறை அரைப் பாட்டில்களாக வைத்துக்கொண்டு கிளம்பி, அடிக்கு அடி களக் களக் என்று சத்தம் வர, தெருநாய் இரண்டு அதைக் கேட்டுப் பின்னாலேயே வந்தன. சத்தம் போகட்டும், ஆடுகிற சுமை இடுப்பைப் பிடித்து இழுக்கும். பாட்டில்களைத் துண்டில் சுற்றி, முதுகை ஒட்டி, தோள்பட்டை உயரத்துக்கு வருமாறு வையுங்கள். இடுப்புப் பட்டை இருக்கிற பையாகப் பாருங்கள். பட்டையை இறுக்கினால் பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடும், நரம்பு தப்பிக்கும்.

பையைத் தரையிலிருந்து குனிந்து மூச்சைப் பிடித்துத் தூக்கி எறிந்து மாட்டாதீர்கள். அந்த ஒரு நொடியில் பிரஷர் சட்டென்று எகிறும். நம் வீடுகளில் இதற்கென்றே கட்டினதுபோலத் திண்ணை இருக்கிறது. பையைத் திண்ணை மேல் நிற்கவைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் நுழைத்து, பட்டையைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பியுங்கள். வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நடப்பதும் கூடாது. எதையாவது விடாமல் இறுக்கிப் பிடித்தாலே பிரஷர் ஏறும். மார்க்கெட் பையைக் கையில் தொங்கவிட்டு வருவது முதுகில் சுமப்பதை விட இதயத்துக்குச் சிரமமாக இருப்பதும் இதனால்தான்.

ஆறரை மணிக்குள் திரும்பிவிடுங்கள். முதுகை மூடியிருக்கும் பை வியர்வையைக் காயவிடாது, நம்மூர் வெயில் அதற்குக் காத்துக்கொண்டிருக்காது. செம்மண் சரளைப் பாதையில் பையோடு வேண்டாம், வழுக்கினால் சமாளிக்க முடியாது. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்குச் சின்ன அடிகூட நன்றாகக் கன்றிப்போகும். கையில் ஒரு கம்பு இருக்கட்டும், நாய்க்கும் ஆச்சு, முட்டிக்கும் ஆச்சு.

இப்போது ஆவணி. பூசத்துக்கு ஐந்து மாதம் இருக்கிறது. மார்கழியில் ஒரு நாள், உங்கள் ஊரிலிருந்து குன்றக்குடி வரைக்கும் நடந்து பாருங்கள். மறுநாள் காலையில் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை வைத்து டாக்டரிடம் பேசிக்கொண்டு முடிவெடுங்கள். பெரும்பாலான நடைக் குழுக்களோடு சாமான் ஏற்ற ஒரு வண்டி வரும், பையை அதில் போடுங்கள். மாத்திரையை மட்டும் மடியில் வையுங்கள். வண்டி முன்னால் போய்விட்டால் ராத்திரி மாத்திரையும் போய்விடும். கடைசி நாள் அவ்வளவு நடந்து அலுத்த உடம்போடு பழனி மலைப்படியில் மூச்சிரைக்க ஏறாதீர்கள். யானைப்பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம், வின்ச்சிலும் போகலாம். நடந்து வருவதாகத்தானே வேண்டிக்கொண்டீர்கள், வின்ச்சில் ஏறமாட்டேன் என்று வேண்டவில்லையே.

டாக்டரிடம் போகும்போது பழைய ஆஞ்சியோ ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் காகிதம், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியை, அதான் ஆச்சியையும் கூட்டிப் போங்கள். கை மரத்ததை இன்றைக்கு ராத்திரியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். திட்டு விழும், விழட்டும். தனியாகப் போனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்து "ஒண்ணுமில்ல, லேசாத்தான் இருந்துச்சு" என்று நீங்கள் சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள்.